கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கடல்

கடலோரத் தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே பெயர் சூட்டி விண்ணுக்கு அனுப்பிய முதல் கருவிக்குக் கடலோரம்தான் கடைசிவரை பிடிபடவில்லை. 1978 அக்டோபர் 24 அன்று நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் அந்தக் கருவி இருந்தது. கோஸ்டல் ஸோன் கலர் ஸ்கேனர் என்று பெயர். ஓராண்டு வேலை செய்தால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். அது 1986 வரை உழைத்தது. கடலின் நிறத்தை வைத்தே அதில் எவ்வளவு நுண்பாசி இருக்கிறதென்று ஆகாயத்திலிருந்து சொல்லிவிடலாம் என்பதை மெய்ப்பித்ததும் அதுதான். ஆனால் அது நன்றாகச் சொன்னதெல்லாம் நடுக்கடலைப் பற்றி. ஆற்றுமுகமும் சேற்றுக் கரையும் கழியும் வந்துவிட்டால் அதன் கணக்கு குழம்பிப்போகும்.

மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் படகேறித் தண்ணீர் அள்ளுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. செயற்கைக்கோள் சொல்லும் கணக்கும் கடலில் உள்ளபடி இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, கீழே ஒருவர் தண்ணீர் எடுத்து, வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒருவராக இருந்தேன். இந்த வரலாற்றைச் செயற்கைக்கோளின் பக்கமிருந்து எழுதியவர்கள் பலர். நான் படகின் பக்கமிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்க்கும்போது ஒன்று பளிச்சென்று தெரிகிறது: இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் யாரும் இல்லாத ஆழ்கடல்தான் முதலில் துலங்கியது. மக்கள் குளிக்கிற, வலை விடுகிற, முங்கிப் பாசி பறிக்கிற கரையோரத்துக்கு எல்லாவற்றுக்கும் பிறகுதான் முறை வந்தது.

தண்ணீரின் நிறத்தைப் படிப்பது எங்கள் கரையில் புதிய வித்தை அல்ல. ஒரு காலத்தில் அரசாங்கத்தின் வருமானமே அதை நம்பி இருந்தது. முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே, மாசி பங்குனியில் கடல் அடங்கித் தண்ணீர் தெளிகிற நாட்களில்தான் கூடும். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப்பார்களில் எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பி பொறுக்குகிறவருக்குக் கலங்கல் என்றால் அன்றைய கூலி போயிற்று. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. முத்து போன பிறகும் சங்குகுளிக்கிறவர்கள் அந்தக் கண்ணை விடவில்லை. என்னை ஏற்றிச்சென்ற வள்ளத்துக்காரர் ஒருவர் கரையில் நின்றபடியே சொல்வார்: "தம்பி, அது கலங்கல் இல்ல, பூங்கோரை. இன்னிக்கு எறங்குனா மேலெல்லாம் அரிக்கும்." நான் பாட்டிலில் எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது அவர் சொன்ன பாசிப் பெருக்கமே இருக்கும். பாம்பன் பாலத்தில் நின்று இரு பக்கமும் பார்த்தவர்களுக்கும் இது ஓரளவு தெரியும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொதித்துக் கலங்கிக் கிடக்கும், பாக் நீரிணை குளம்போல் இருக்கும். ஐப்பசி பிறந்தால் நிலைமை தலைகீழ்.

கண்ணால் சொல்வதை எண்ணாக்க முதலில் முனைந்தவர் ஒரு பாதிரியார். ஏஞ்சலோ செச்சி, உரோமாபுரியில் வானியல் பார்த்துக்கொண்டிருந்த சேசு சபைத் துறவி. போப்பாண்டவரின் கடற்படைத் தளபதி அலெஸ்ஸாந்த்ரோ சியால்டி அவரை அழைத்தார். 1865 ஏப்ரலில் போப்பின் நீராவிக் கப்பலில் சிவிதவேக்கியா துறைமுகத்துக்கு வெளியே சென்று, வெவ்வேறு அளவிலும் நிறத்திலும் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார்கள். வெயில் எவ்வளவு உயரத்தில் இருந்தது, படகின் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, பார்ப்பவர் தண்ணீருக்கு எவ்வளவு மேலே நின்றார் என்பதையெல்லாம் செச்சி கவனித்துக் குறித்திருக்கிறார். அந்தத் தட்டுத்தான் இன்றும் எங்கள் கையில் இருக்கிறது. கடலுக்கு முப்பது சென்டிமீட்டர் வெள்ளைத் தட்டு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. மறையும்போது ஒரு கணக்கு, மேலே இழுக்கும்போது மறுபடி தெரிகிற இடத்தில் ஒரு கணக்கு, இரண்டுக்கும் சராசரி. மின்சாரம் வேண்டாம், பழுதாகாது. அதோடு, நூறு ஆண்டுக்கு முன் எடுத்த அளவையும் நேற்று எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தத் துறையில் வேறு எந்தக் கருவிக்கும் அந்தப் பெருமை கிடையாது என்பது என் எண்ணம்.

1890-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஃபொரெல் ஜெனீவா ஏரியிலும், ஜெர்மனியின் ஊலே வேறு ஏரிகளிலும் வேலை செய்து நிறத்துக்கு ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். இரசாயனக் கரைசல் அடைத்த 21 கண்ணாடிக் குழல்கள். கருநீலத்தில் தொடங்கிப் பச்சை வழியாகக் காப்பி நிறத்தில் முடியும். தண்ணீரோடு ஒப்பிட்டு எண் சொல்லவேண்டியதுதான். அளக்க ஒரு வழி வந்தாலும், கடலுக்கு அந்த நிறம் ஏன் என்ற கேள்விக்கு அப்போது சரியான விடை இல்லை.

விடை திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவரிடமிருந்து வந்தது. 1921-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு நர்க்குண்டா என்ற கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து விடாப்பிடியாக யோசித்தார். ஆழ்கடலின் நீலம் வானத்தின் எதிரொளிதான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார், உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. ராமன் தன்னோடு வைத்திருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியாகக் குறிப்பிட்ட கோணத்தில் கடலைப் பார்த்தார். அந்தக் கோணத்தில் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்து ஒளியைப் பட்டகம் அடைத்துவிடும். அடைத்த பிறகும் நீலம் போகவில்லை. முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் அது தண்ணீருக்கு உள்ளேயிருந்து வரும் ஒளி. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான் 1928-இல் ராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் இட்டுச்சென்றது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். செயற்கைக்கோள் படத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கப்பல் பயணத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி வேறு, தண்ணீருக்குள் போய்த் திரும்பி வரும் ஒளி வேறு. முன்னதை நீக்கினால்தான் பின்னது கிடைக்கும். இன்றைக்குக் கடல் நிறம் பார்க்கும் எந்தக் கருவியும் முதலில் செய்யவேண்டியது இதைத்தான்.

ராமன் விளக்கியது சுத்தமான ஆழ்தண்ணீரின் நீலம். கரையோரத் தண்ணீரின் நிறம் அதில் கலந்திருப்பவற்றின் நிறம். நுண்பாசியின் பச்சையம் நீல ஒளியை விழுங்கும், பச்சையை விட்டுவிடும். ஆறு கொண்டுவரும் மண் எல்லா நிறத்தையும், சிவப்பையும் சேர்த்து, திருப்பி அனுப்பும். மூன்றாவது ஒன்றும் உண்டு: அழுகிய இலைதழைகளின் சாறு கரைந்து உண்டாகும் மஞ்சள். தேநீர் நிறத்தில் ஓடும் ஓடைகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஜெர்மானியர் குர்ட் காலே 1930-களில் இதைப் பிரித்துக் காட்டினார். இந்த மஞ்சளும் நீலத்தைத்தான் விழுங்குகிறது, பச்சையத்தைப் போலவே. பின்னாளில் கணினிகளை ஏமாற்றப்போவது இந்த ஒற்றுமைதான்.

1970-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிளார்க், கிஃபர்ட் யூயிங், கார்ல் லோரன்சன் மூவரும் விமானத்தில் நிறமாலைக் கருவியை வைத்துக்கொண்டு கடலுக்கு மேலே பறந்து, நீலம் குறைந்த இடத்தில் பச்சையம் கூடியிருப்பதைக் காட்டினார்கள். விமானம் உயர உயர வேறொன்றும் தெரிந்தது. நடுவே இருக்கும் காற்று தானே ஒளியைச் சிதறடித்துக் கடலின் ஒளியை மூழ்கடித்தது. செயற்கைக்கோள் உயரத்துக்குப் போனால், கருவியில் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றினுடையது. கடலினுடையது மீதி ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே ஒருவர் காதோடு சொல்வதைக் கேட்டு எழுதுகிற வேலை அது.

நிம்பஸ்-7 கருவிக்கு அமெரிக்கர் ஹோவார்ட் கார்டனும் மற்றவர்களும் காற்றின் பங்கைக் கழிக்க ஒரு வழி கண்டார்கள். தண்ணீர் சிவப்பொளியை உறிஞ்சிவிடும். ஆகவே ஆழ்கடல் சிவப்பில் ஏறத்தாழக் கறுப்பு. அந்தச் சிவப்புப் பட்டையில் ஏதாவது ஒளி தெரிந்தால் அது முழுக்கக் காற்றினுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்து மற்ற நிறங்களிலும் காற்றின் பங்கை மதிப்பிட்டுக் கழிக்கலாம். அழகான யோசனை. நடுக்கடலில் கச்சிதமாக வேலை செய்தது. கரைக்கு வந்ததும் உடைந்தது, ஏனென்றால் சேறு சிவப்பிலும் மின்னும். கணினி அந்த மின்னலையும் காற்று என்று எண்ணி, நீலத்தில் கழிக்க வேண்டியதற்கு மேல் கழித்துவிடும். மீதி பூச்சியத்துக்கும் கீழே போகும். பூச்சியத்துக்குக் கீழே ஒளி உண்டா? அந்த இடத்தைக் கறுப்புக் கட்டமாக்கி மூடிவிடுவார்கள்.

பிரான்சின் வில்ஃப்ரான்ஷ் ஆய்வகத்தில் ஆந்த்ரே மொரெல், லூயி ப்ரியூர் இருவரும் 1977-லேயே இந்தச் சிக்கலுக்கு எல்லை கீறியிருந்தார்கள். நுண்பாசி மட்டுமே நிறத்தைத் தீர்மானிக்கும் நீர் முதல் வகை. மண்ணும் மஞ்சளும் தம் போக்கில் கூடிக் குறையும் நீர் இரண்டாம் வகை. உலகக் கடற்பரப்பில் பெரும்பங்கு முதல் வகை. இரண்டாம் வகை ஓரமாக ஒரு சிறு கீற்று. பரப்பைக் கொண்டு பார்த்தால் முதல் வகைக்கு முன்னுரிமை கொடுத்தது நியாயமாகத் தோன்றும். அந்தக் கீற்றில் எத்தனை பேர் உயிர் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்திருந்தால் வரிசை மாறியிருக்கும். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, எளிதானதை முதலில் தீர்ப்பது அறிவியலின் வழக்கம். ஆனால் காத்திருந்தவர்கள் யார் என்பதையும் வரலாற்றில் எழுதி வைக்கவேண்டும்.

நம் நாட்டில் கடலோரத் தண்ணீரைத் தொடர்ந்து சோதிக்கும் ஏற்பாடு 1991-இல் கடல் மேம்பாட்டுத் துறையின் கோமாப்ஸ் திட்டத்தோடு வந்தது. நாடு முழுக்கக் குறித்த இடங்களில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் வரை, தண்ணீரும் சேறும் எடுத்து, உப்பு, உயிர்வளி, நைட்ரேட், பாஸ்பேட், உலோகம், மலக்கிருமி என்று பார்ப்பார்கள். சென்னையில் இன்றைக்குத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் என்றிருக்கும் நிறுவனம் அந்த வேலையைப் பிறகு ஏற்றது. அதே 1991-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தபோது, 1988-இல் ஏவிய ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் கரையோர வரைபடங்கள் போட்டது. அலையாத்தி எங்கே, பவளம் எங்கே, ஆற்றுமுகத்தில் வண்டல் எவ்வளவு தூரம் விரிகிறது என்பதெல்லாம் அந்தப் படங்களில் வந்தது. தண்ணீருக்குள் என்ன இருக்கிறதென்று சொல்ல அந்தக் கருவிக்குக் கண் போதாது.

அதற்கான கண் 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. பிஎஸ்எல்வி-சி2 ராக்கெட்டில், கொரியாவின் ஒரு செயற்கைக்கோளையும் ஜெர்மனியின் ஒன்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓசன்சாட்-1 ஏறியது. அதிலிருந்த ஓசிஎம் கருவிக்கு எட்டு நிறப்பட்டைகள். ஒரே ஓட்டத்தில் 1,420 கிலோமீட்டர் அகலம் பார்க்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். ஒரு கட்டத்தின் அளவு 360 மீட்டர். அன்றைக்கு மற்ற நாட்டுக் கடல் நிறக் கருவிகள் பலவும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்க் கட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது இது பெரிய முன்னேற்றம். நேர் உச்சிவேளையில் நம் தலைக்கு மேல் கடக்கும். உச்சி வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் கூசவைக்குமே, அதைத் தவிர்க்கக் கருவியையே இருபது பாகை சாய்க்க வசதி செய்திருந்தார்கள். ராமன் கப்பலில் கோணம் பார்த்த அதே காரணம்தான்.

அது கடக்கும் நாளில் கீழே நாங்கள் இருப்போம். கடப்பதற்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த தண்ணீர்தான் கணக்கில் சேரும், அதற்கு மேலானால் நீரோட்டம் வேறு தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். விடியும் முன் மண்டபத்தில் வள்ளம் ஏறுவோம். மேகம் கூடினால் அன்றைய பாடு வீண். வள்ளத்தின் நிழல் பக்கமாகச் செச்சி தட்டை இறக்கவேண்டும். தண்ணீரைக் கறுப்பு பாட்டிலில்தான் எடுக்கவேண்டும், வெயில் பட்டால் பச்சையம் சிதையும். கண்ணாடி இழை வடிதாளில் மெல்ல உறிஞ்சி வடித்து, தாளை மடித்து, ஈயத்தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் போடுவோம். ஆய்வகத்தில் அசிட்டோனில் ஓர் இரவு இருட்டில் ஊறவைத்தால் பச்சையம் கரைந்து வரும், ஒளிமானியில் அளக்கலாம். ஆழ்தண்ணீர் என்றால் ஒரு லிட்டர் தாளில் சுலபமாக இறங்கிவிடும். கரைக்கு அருகே எடுத்த தண்ணீரில் கால் லிட்டர் போவதற்குள் சேறு அடைத்துக்கொள்ளும். ஆடுகிற வள்ளத்தில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். மிதக்கும் மண்ணின் எடை பார்ப்பதற்குத் தனித் தாள், முன்கூட்டியே நிறுத்தது. வடித்த பின் அதைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவாவிட்டால் உப்பின் எடையும் சேர்ந்து மண்ணாகிவிடும்.

தீவுகளுக்கு அருகே இன்னொரு தொல்லை. தட்டு தரையில் போய் உட்கார்ந்த பிறகும் வெள்ளையாகத் தெரியும். படகுக்காரர் சிரித்துக்கொண்டு, "தட்டு ஒக்காந்துட்டு தம்பி, இன்னும் எவ்வளவு கவுறு விடப்போற?" என்பார். எங்கள் கண்ணுக்குத் தரை தெரிகிறதென்றால் மேலே பறப்பதற்கும் தெரிகிறது என்று பொருள். பாக் நீரிணை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான், அதிலும் கரையோரம் கடற்புல் விரிந்து கிடக்கிறது. கணினி அந்தப் புல்லின் கருமையையும் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியாக எடுத்துக்கொள்ளும். படத்தில் செக்கச்செவேலென்று, பச்சையம் மிகுந்த இடமாகக் காட்டிய இடத்தில் நான் அள்ளியது பளிங்குத் தண்ணீர். இப்படி ஒவ்வொரு முரணையும் குறித்து அனுப்புவதுதான் என் வேலையின் பயன் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

கருவிகளைத் தரப்படுத்துவதற்கென்று நிலையான மிதவைகளும் வந்தன. அமெரிக்கர்கள் ஹவாயில் லானாய் தீவுக்கு அப்பால் வைத்தார்கள், நம்மவர்கள் லட்சத்தீவின் கவரத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டுமே தெள்ளிய நீர், தூசு குறைந்த வானம். காரணம் சரியானதே, தராசைச் சரிபார்க்க நிச்சயமான எடைக்கல் வேண்டும். ஆனால் சேற்றுக் கரைக்கு அந்த எடைக்கல் போதவில்லை. கடல் நிற ஆராய்ச்சியாளர்களின் உலகக் கூட்டமைப்பு, கேரளத்தவரான சுபா சத்யேந்திரநாத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, கடலோரம் போன்ற சிக்கலான நீர்களுக்கென்றே ஓர் அறிக்கையை 2000-இல் வெளியிட்டது. நிம்பஸ் ஏறி இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு.

இனி, அந்தக் கறுப்புக் கட்டங்கள். நிலத்தை ஒட்டிய கட்டத்தில் நிலத்தின் ஒளி கசிந்து கலந்துவிடும் என்பதால் கரையிலிருந்து முதல் ஒன்றிரண்டு கட்டங்களையும், தீவைச் சுற்றியுள்ளவற்றையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுவது வழக்கம். 360 மீட்டர்க் கட்டத்தில் இரண்டு கட்டம் என்றால் முக்கால் கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றி இடுப்பளவும் ஆளுயரமுமான தண்ணீரில் பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கிக் கடற்பாசி பறிக்கிறார்கள். எங்கள் வள்ளம் கடக்கும்போது, "என்ன தம்பி, தண்ணிய எடுத்துட்டுப் போயி என்ன செய்வீக?" என்று கேட்ட அக்காக்களிடம் படத்தைக் காட்டியிருக்கிறேன். அவர்கள் நின்றுகொண்டிருந்த இடம் படத்தில் கறுப்பாக இருந்தது. தண்ணீர் கெட்டால் தோலில் முதலில் அறிபவர்கள் அவர்கள். அவர்களுடைய தண்ணீருக்கு மட்டும் எண் இல்லை.

தண்ணீர் கெடுவது இங்கே கற்பனை அல்ல. பாம்பன் பக்கத்தில் குருசடைத் தீவைச் சுற்றி மீனும் பிற உயிர்களும் செத்து மிதந்ததை 1942-இல் பி.ஐ. சாக்கோ கரன்ட் சயன்ஸ் இதழில் எழுதினார். டிரைக்கோடெஸ்மியம் என்ற பாசி பெருகியதோடு சேர்ந்த அழிவு அது. அதற்கும் முன்பே, 1917-இல், மதராஸ் மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் மலபார்க் கரையில் மீன்கள் கூட்டமாகச் சாவதற்கு நுண்ணுயிர்ப் பெருக்கம் காரணம் என்று எழுதியிருந்தார். எங்கள் காலத்தில் 2019 செப்டம்பரில் வந்தது பெரியது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி மன்னார் வளைகுடாக் கரை அடர்பச்சையானது. அது செத்து அழுகும்போது தண்ணீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். மண்டபம் தீவுக் கூட்டத்தில் சிங்கில் தீவை ஒட்டி உயிர்வளி லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, பவளங்கள் மடிந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மீன்கள் கரையில் ஒதுங்கின. அந்தப் பருவத்தில் மேகமும் அதிகம். நிறம் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இப்போது பாசிப் பெருக்கத்துக்கென்று தனித் தகவல் சேவை நடத்துகிறது. அது கண்காணிக்கும் பகுதிகளில் மன்னார் வளைகுடாவும் ஒன்று. 2009-இல் ஓசன்சாட்-2 போனது. 2022 நவம்பர் 26 அன்று போன ஓசன்சாட்-3-இல் நிறப்பட்டைகள் எட்டிலிருந்து 13 ஆயின. பட்டை கூடினால் மண்ணையும் மஞ்சளையும் பச்சையத்தையும் பிரித்தறிய வழி கிடைக்கும், அது பெரிய உதவி. கட்டத்தின் அளவு ஏறத்தாழப் பழையதே.

கரையோரத்தைக் கடைசியில் திறந்து காட்டியவை கடலுக்காகச் செய்யாத கருவிகள். வயலையும் காட்டையும் பார்க்கச் செய்த லேண்ட்சாட் வரிசையில் 2013-இல் வந்த எட்டாவதற்கு 30 மீட்டர்க் கட்டம். கரையோர நீருக்கு உதவும் ஒரு நீலப் பட்டையையும் சேர்த்திருந்தார்கள். அதற்கு முன் 2008-இல் லேண்ட்சாட் படங்களை இலவசமாக்கியது என் கணக்கில் எந்த ராக்கெட்டையும்விடப் பெரிய நிகழ்ச்சி. 1972 முதலான படங்கள் கல்லூரி மாணவர்களுக்கும் கிடைத்தன. தங்கள் ஊர் முகத்துவாரம் எப்படி மாறியது என்று அவர்களே பார்த்தார்கள். 2015-இலும் 2017-இலும் ஐரோப்பியர் அனுப்பிய சென்டினல்-2 இரட்டையர் பத்து மீட்டர்க் கட்டத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கத் தொடங்கின. பத்து மீட்டர் என்றால் தீவுக்கும் பவளத் திட்டுக்கும் நடுவே ஓடும் கலங்கல் கீற்று தனியாகத் தெரியும். முதன்முறை அப்படி ஒரு படத்தைப் பார்த்தபோது, அக்காக்கள் பாசி பறிக்கும் வாய்க்கால்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்ட முடிந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

2020-இல் ஊரடங்கு வந்தபோது இதன் பயன் நாட்டுக்கே தெரிந்தது. யாரும் படகேற முடியாத அந்த நாட்களில் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் மிதக்கும் மண் சராசரியாக 15.9 சதவீதம் குறைந்ததை லேண்ட்சாட்-8 படங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். அதே காயலில், ஊரடங்குக்கு முன்பிருந்தே, ஆராய்ச்சியாளர்கள் கரையோர மக்களிடமும் மாணவர்களிடமும் சிறிய செச்சி தட்டுகளைக் கொடுத்து, தண்ணீரின் நிறத்தையும் தெளிவையும் கைபேசிச் செயலியில் பதியச் செய்திருந்தார்கள். ஃபொரெல், ஊலே இருவரின் 21 நிறங்கள் அந்தத் தட்டோடு சேர்ந்தே வந்தன. செயற்கைக்கோளைச் சரிபார்க்க ஆய்வுக் கப்பல் வேண்டியதில்லை, தினமும் தண்ணீரில் நிற்பவர் போதும் என்று காட்டிய வேலை அது. மன்னார் வளைகுடாவில் அதைச் செய்யத் தகுதியானவர்கள் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மீன் எங்கே கூடும் என்ற இன்காய்ஸ் அறிவிப்பு, இறங்குதுறையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்ற விவரத்தோடு தமிழிலேயே வருகிறது. மீன்பிடித் துறைமுகங்களில் மின்பலகையில் ஓடுகிறது. அதற்கான பச்சையக் கணக்கும் இதே கடல் நிறக் கருவிகளிலிருந்து எடுத்ததுதான். கடலுக்குள் போகிற படகுக்கு இருக்கும் அந்தப் பலகை, இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு இல்லை. பத்து மீட்டர்ப் படம் ஐந்து நாளுக்கு ஒன்று இலவசமாக வந்துகொண்டிருக்கிறது. தட்டும் கயிறும் சில நூறு ரூபாய்ச் செலவு. சின்னப்பாலத்திலும் ஏர்வாடியிலும் பாசி இறக்கும் இடங்களில் ஒரு பலகை வைத்து, தண்ணீர் இன்று எப்படி இருக்கிறது, பூங்கோரை எந்தத் தீவுப் பக்கம் நிற்கிறது, எந்தப் பக்கம் இறங்க வேண்டாம் என்று எழுதிப்போட இதற்கு மேல் எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதை எழுதிப்போடும் வேலையைப் பாசி பறிக்கும் பெண்களிடமே சம்பளத்தோடு கொடுக்கவேண்டும்.